பிணியும் பிணிப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் பேசுவோர் மகிழ்ச்சிக்குரிய பொருளையே எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ தீராத நோய். அன்புக்குரிய ஒருவர் நெடுங்காலம் நோயுற்றுக் கிடக்கும்போது, உடனிருந்து பேணுவோர் அந்நோயில் பொருள் காண இயலுமா, கிறித்தவ நம்பிக்கை அவர்களுக்கு என்ன சொல்கிறது, நம் தமிழ் மரபு அதற்கு எவ்வாறு துணைநிற்கிறது என்பனவே என் உரையின் பொருள். இவ்வட்டத்தில் பல சமயத்தாரும் இருக்கிறோம். ஒருவர் நம்பிக்கையை மற்றவர் பொறுமையோடு செவிமடுப்பது நாம் பத்தாண்டுகளாகப் பழகிவந்த பண்பு. அந்தத் துணிவிலேயே பேசத் தொடங்குகிறேன். மேலும், இங்கு அமர்ந்திருப்போருள் வீட்டிலோ உறவிலோ தீராத நோயுற்ற ஒருவர் இல்லாதவர் மிகச் சிலரே இருப்பர். ஆகவே இப்பொருள் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று.

பிணி என்னும் சொல்

தமிழில் நோயைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் பிணி என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிணித்தல் என்றால் கட்டுதல். யானையைத் தறியிற் பிணிப்பர். மனத்தை அன்பாற் பிணிப்பர். மனிதனைக் கட்டிலோடு கட்டிப்போடுவதனால் நோயும் பிணி எனப்பட்டது. ஒரு வாரத்தில் நீங்கும் காய்ச்சலுக்கு இச்சொல் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. பக்கவாதம், மூட்டுவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, நடுக்குவாதம் போன்று ஆண்டுக்கணக்கில் உடனுறையும் நோய்களுக்கே இது முழுவதும் பொருந்துகிறது.

இக்கட்டு நோயாளியோடு நின்றுவிடுவதில்லை என்பதை வீட்டில் நோயாளியை வைத்திருப்போர் அறிவர். கட்டிலில் கிடப்பவரைக் கட்டிய அதே கயிறு கட்டிலின் அருகில் நிற்பவரையும் கட்டுகிறது. உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் போக முடிவதில்லை. இரவில் ஒரே உறக்கமாய் உறங்க இயல்வதில்லை. சம்பளம் வந்த அன்றே மருந்துக்கடைக்கு ஒரு பங்கை எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தீராத நோய் ஒருவருடையதன்று, ஒரு வீட்டினுடையது.

சங்கப் புலவர்கள் இதே சொல்லை வேறோர் இடத்திலும் ஆண்டனர். மொட்டு இதழ் விரியாமல் இறுகியிருக்கும் நிலையையும் பிணி என்றனர். மலர்தலைப் பிணி அவிழ்தல் என்றனர். நோய்க்கும் மொட்டுக்கும் ஒரே சொல் வழங்கும் இம்மொழியில் பிறந்தவர்கள் நோயைப் பற்றிச் சிந்திக்க ஒரு நல்ல தொடக்கம் நமக்கு வாய்த்திருக்கிறது என்றே கருதுகிறேன்.

காரணமும் பொருளும்

நோய் வந்ததும் மனிதர் கேட்கும் முதற்கேள்வி, ஏன் வந்தது என்பது. இக்கேள்வி இருவகைப்படும். மருத்துவர் கேட்கும் ஏன் ஒன்று. ஊரார் கேட்கும் ஏன் மற்றொன்று. மருத்துவர் கேட்பது இன்றியமையாதது. நோயையும் அதன் முதலையும் நாட வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகையே மருந்து அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். ஊரார் கேட்பது வேறு. யார் செய்த பாவம், எந்த நேர்ச்சையை நிறைவேற்றாத குறை, எந்தச் செபத்தில் குறைபாடு என்றெல்லாம் அது துருவும். நோயாளியின் வீட்டுக்கு வந்து காப்பி அருந்திச் செல்வோர் விட்டுச்செல்லும் சொற்களில் இதுபோல் வலிப்பது வேறில்லை.

கிறித்தவ மறைநூல் இவ்வினாவை நேருக்கு நேர் சந்திக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றோர் செய்த பாவமா என்று வினவுகின்றனர். இரண்டும் அன்று என்பதே இயேசுவின் மறுமொழி. யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வரும் இந்நிகழ்ச்சி, நோயைத் தண்டனையாகக் காணும் கண்ணையே முதலில் குணப்படுத்த முனைகிறது எனலாம்.

பழைய ஏற்பாட்டு யோபுவின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. உடலெங்கும் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவைக் காண நண்பர் மூவர் வந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவனருகே தரையில் அமர்ந்திருந்தனர். அந்நூலில் அவர்கள் செய்த நற்செயல் அது ஒன்றே. எட்டாம் நாள் வாய்திறந்து காரணம் கூறத் தொடங்கினர். நூல் முடியுமிடத்தில் இறைவனின் கண்டனத்திற்கு ஆளாயினர். நோயாளியின் அருகில் மௌனமாக அமர்ந்திருப்பதற்கும், அவர் நோய்க்குக் காரணம் கற்பிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக உணர்த்தும் இலக்கியம் அரிது.

ஆகவே காரணம் வேறு, பொருள் வேறு. காரணம் நோய்க்கு முன்னே இருப்பது. பொருள் நோய் வந்தபின் நாம் ஒருவர்க்கொருவர் செய்துகொள்வதனால் உண்டாவது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டால்தான் கிறித்தவ நம்பிக்கை துன்பத்தைப் பற்றிக் கூறுவனவற்றைப் பிழையின்றிப் புரிந்துகொள்ள இயலும்.

உழைச்செல்வான்

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவன், அதைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்பன அந்நான்கு. நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்றால் பக்கம். பக்கத்தில் செல்பவன், அருகில் நிற்பவன் என்பது பொருள். பரிமேலழகர் இவனுக்குரிய இயல்புகளையும் நான்காக விரிக்கிறார். நோயாளியிடம் அன்புடைமையை முதலில் வைத்து, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என்பனவற்றைப் பின்னர் வைக்கிறார். அன்பு மருத்துவத்துக்கு அணிகலனாக இங்குக் கூறப்படவில்லை. அதன் உறுப்பாகவே கூறப்படுகிறது என்பது கருதத்தக்கது.

நம் மதுரையோடு தொடர்புடைய பழங்கதைகளிலும் இந்த உழைச்செல்வாரைக் காண்கிறோம். பாண்டியன் வெப்புநோயால் துடித்தபோது திருஞானசம்பந்தரை வரவழைத்தவர் மங்கையர்க்கரசியார். நாவுக்கரசர் சூலைநோயால் வருந்தியபோது அவரைத் திருவதிகை இறைவன்முன் கொண்டுசென்றவர் தமக்கை திலகவதியார். இரண்டு வரலாறுகளிலும் நோய் தீர்ந்த அற்புதத்தையே நாம் மிகுதியும் பேசுகிறோம். அருகில் நின்ற பெண்டிர் பொறுத்துக் காத்திருந்த நாட்களைப் பேசுவதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மதுரைக்கு வந்து, தான் இரந்து பெற்ற உணவைப் பார்வையற்றோர், செவிகேளாதோர், கால் முடப்பட்டோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்து முதலில் ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான். சாத்தனார் அப்பட்டியலில் பேணுவார் இல்லாதோரையும் சேர்த்துச் சொல்கிறார். நோயுற்றிருப்பது ஒரு துன்பம். பேணுவார் இன்றியிருப்பது அதன்மேலும் ஒரு துன்பம் என்பதை அப்புலவர் உணர்ந்திருந்தார்.

இதே உணர்வை நற்செய்தியிலும் காணலாம். எருசலேமில் ஒரு குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவன், தன்னைத் தண்ணீரில் இறக்கிவிட ஒருவரும் இல்லை என்றுதான் இயேசுவிடம் முறையிட்டான். இதற்கு மாறாக, மாற்கு நற்செய்தியில் முடக்குவாதக்காரன் ஒருவனை நால்வர் கட்டிலோடு தூக்கிவந்து, கூட்டத்தினிடையே வழியின்மையால் கூரையைப் பிரித்து உள்ளே இறக்குகின்றனர். இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்கிறது நற்செய்தி. நோயாளியின் நம்பிக்கையை மட்டும் அங்குச் சொல்லவில்லை. தூக்கிவந்தவர்களின் நம்பிக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. நோயாளி செபிக்க இயலாதபோது, நம்ப இயலாதபோது, கட்டிலின் நான்கு கால்களையும் பிடித்திருப்பவர் நம்பினாற் போதும். நெடுநாள் நோயாளியைப் பேணுவார்க்கு இதைவிட ஆறுதலான செய்தியை நான் மறைநூலில் கண்டதில்லை.

நாசரேத்து வீடு

இனி, தமிழில் இப்பொருளைக் காப்பியமாகவே பாடியவரிடம் வருகிறேன். இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து, தமிழ் கற்று, தமிழராகவே வாழ்ந்து, 1747இல் மறைந்த வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி நாம் அறிந்ததே. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம் அது. மதுரையிலேயே அது அரங்கேறியது என்றொரு செவிவழி மரபும் உண்டு.

அக்காப்பியத்தின் தலைவன் இயேசுவை வளர்த்த தந்தையாகிய சூசை. வளன் என்பது முனிவர் அவருக்கு இட்ட தமிழ்ப் பெயர். காப்பியத் தலைவன் என்றால் போர் புரிய வேண்டும், நாடு ஆள வேண்டும், நான்கு பொருளும் பயக்க வேண்டும். இத்தலைவரோ ஒரு தச்சர். மூன்றாம் காண்டத்தில் முனிவர் அவரை நோயில் வீழ்த்துகிறார். பிணி தோற்று படலம் என்றே அதற்குப் பெயர். நான்கு நற்செய்திகளிலும் சூசையின் நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் இறந்த செய்தியும் இல்லை. இயேசு பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் காணப்பட்ட நிகழ்ச்சிக்குப்பின் அவரைக் காணோம், அவ்வளவே. அந்த மௌனத்தை நிரப்ப, ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்த மரியா (1602–1665) எழுதி 1670இல் அச்சேறிய நூல் முனிவர்க்குத் துணைசெய்தது. சூசை பல்லாண்டுகள் நோயுற்றிருந்தார், மரியன்னை தம் கையுழைப்பால் வீட்டைத் தாங்கி அவரைப் பேணினார் என்பது அந்நூல் தரும் செய்தி.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். பின்னாளில் குருடர்க்குப் பார்வையும் முடவர்க்கு நடையும் தரப்போகிறவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார். ஊரார் நோயையெல்லாம் தீர்க்கப்போகும் கை, தந்தையின் கட்டிலருகே இருக்கிறது. இருந்தும் தந்தையின் நோய் தீரவில்லை. அவர் நோயிலேயே இறக்கிறார். ஏலாக்குறிச்சியில் வழங்கும் வரலாற்றின்படி, அரியலூர் அரசரின் ராஜபிளவையைக் குணமாக்கியவர் வீரமாமுனிவர். நோய் தீர்த்த புகழுடைய அவர், தம் காப்பியத் தலைவனின் நோயைத் தீர்க்காமலே விட்டார். காப்பியத்தின் போக்குக்கு அற்புதம் ஒன்றும் அயலன்று. விரும்பியிருந்தால் ஒரு பாடலில் எழுப்பி நிறுத்தியிருக்கலாம்.

அவ்வாறு செய்யாமையில்தான் என் கேள்விக்கு விடை இருக்கிறது. நாசரேத்து வீட்டில் குணமாதல் நிகழவில்லை, பேணுதல் நிகழ்ந்தது. மனைவியும் மகனும் உழைச்செல்வார் ஆயினர். கிறித்தவ மரபு சூசையை நல்மரணத்தின் காவலர் என்று போற்றுவதற்கு இதுவே காரணம். அவர் நோயின்றி இறந்தமையால் அன்று, அன்புடையோர் இருவர்க்கிடையே இறந்தமையால். இறைவன் குடியிருக்கும் வீட்டில் நோய் வராது என்று நமக்கு யார் சொன்னாலும், இக்காப்பியத்தை எடுத்துக் காட்டலாம். நோய் தீராமையால் இறைவன் அங்கு இல்லை என்று யாரும் சொன்னாலும், அப்போதும் இதையே காட்டலாம்.

திருத்தூதர் பவுலும் தம் உடலில் ஒரு முள் தைத்திருந்ததாகவும், அதை நீக்குமாறு மும்முறை வேண்டியதாகவும் எழுதுகிறார். முள் நீங்கவில்லை; தாங்கும் அருள் கிடைத்தது. மதுரையிலே 1606இல் வந்து குடியமர்ந்து தமிழ் உரைநடைக்கு வளம் சேர்த்த தத்துவ போதகர், முதுமையில் பார்வை மங்கிய நிலையில் 1656இல் மயிலாப்பூரில் காலமானார். கேட்டதெல்லாம் கிடைத்தவர்களின் வரிசையன்று இது.

நோயுற்றோர் நோயுற்றோர்க்கு எழுதியது

அண்மைக் காலத்திலிருந்து ஒருவரைச் சொல்கிறேன். அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியா வந்தார். நெல்லைச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் டோனாவூரில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தார். 1931 அக்டோபரில் ஒரு பள்ளத்தில் தவறி விழுந்தார். காலும் முதுகும் பழுதுற்றன. விரைவில் எழுந்துவிடுவார் என்றே எல்லாரும் எண்ணினர். அவர் எழவில்லை. 1951 ஜனவரி 18இல் மறையும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன.

அக்காலத்தில் பத்துக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். 1933இல் வெளிவந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ அவற்றுள் ஒன்று. நோயுற்றவர் நோயுற்றவர்க்கு எழுதிய மடல்கள் அவை. நலமாக இருப்போர் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் அவர் மனத்தைத் தொடவில்லை; வலி அறியாதவர் வலியைப் பற்றிக் கூறும் நல்லுரை, கேட்போரின் வலியை மிகுவிக்கவே செய்தது. ஆகவே, நலமடைந்தபின் எழுதலாம் என்று காத்திராமல், நோயினுள்ளிருந்தே எழுதினார். அவரைச் சுற்றி அவர் வளர்த்த மகளிர் இருந்தனர். ஒரு காலத்தில் அவர் தூக்கி வளர்த்த கைகளே அவரைத் தாங்கின. டோனாவூரில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில், பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்று இருக்கிறது. அம்மை என்னும் சொல் அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

வேலூரில் மருத்துவராகப் பணியாற்றிய மேரி வர்கீஸ் அம்மையார் 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் உடலியக்க மறுவாழ்வுத் துறையைக் கற்று, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவ்வுணர்வு கிறித்தவர்க்கே உரியது என்று நான் சொல்லவரவில்லை. நம் மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்களின் விரல்கள் இளமையிலேயே முடக்குவாதத்தால் கோணிப்போனவை. அக்கோணிய விரல்களாலேயே கத்தி பிடித்து ஆயிரமாயிரம் பேருக்குப் பார்வை தந்தார். ஸ்ரீ அரவிந்தர் நெறியில் அவர் கண்ட பொருளும், இவ்வம்மையார்கள் சிலுவையில் கண்ட பொருளும் வேறு வேறு பெயர் கொண்டிருக்கலாம். பயன் ஒன்றே, தன் நோயில் தொடங்கிப் பிறர் நோயை நோக்கி நடந்தனர்.

மாத்திரை வேளைகள்

நூல்களைக் கொண்டு மட்டும் இதை நான் பேசவில்லை என்பதால், ஒரு சிறிது என் வீட்டைப் பற்றியும் கூறுவது பொருந்தும். என் தாயார் பதினோராண்டுகளாக நடுக்குவாத நோயாளர். 1817இல் இந்நோயை விரித்தெழுதிய ஆங்கில மருத்துவர் பார்க்கின்சன் பெயரால் இன்று வழங்குவது. நம் மருத்துவ மரபு கம்பவாதம் என்று முன்பே அறிந்திருந்தது. மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் குறைவதனால் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது, முகம் உணர்ச்சி காட்ட மறுக்கிறது. குறையும் பொருளை ஈடுசெய்ய லெவோடோபா என்னும் மருந்தைத் தருகின்றனர். நம் வேலியோரத்துப் பூனைக்காலி விதையிலும் அது உண்டு என்பது வியப்புக்குரியது. அம்மருந்து நோயை நீக்குவதில்லை. சில மணிநேரம் கைக்கும் காலுக்கும் விடுதலை வாங்கித் தருகிறது. பிறகு அடுத்த வேளை வரவேண்டும்.

காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று எங்கள் வீட்டின் நாள் மாத்திரை வேளைகளால் பகுக்கப்பட்டிருக்கிறது. துறவு மடங்களில் மணியடித்ததும் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுச் செபத்துக்கு எழுவது மரபு. எழுதிக்கொண்டிருந்த எழுத்தை முடிக்காமலே எழவேண்டும் என்பார்கள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது மணி ஆறானால் நானும் பாதியில் எழுகிறேன். ஒரு குவளை வெந்நீர், ஒரு மாத்திரை, தலையைச் சற்று உயர்த்திப் பிடிக்கும் கை. இவ்வளவே. உருக்கமான எண்ணம் ஒன்றும் அவ்வேளைகளில் எனக்கு எழுவதில்லை. சோர்வு இருக்கும், சில நாள் எரிச்சலும் இருக்கும். செபமும் பல நாள் அப்படித்தானே இருக்கிறது? மனம் ஒன்றினாலும் ஒன்றாவிட்டாலும், உரிய வேளையில் எழுந்து போவதுதான் செபத்தின் முதுகெலும்பு என்பதை மடங்களின் ஒழுங்கு கற்பித்தது. மாத்திரை வேளைகள் அதையே எனக்குக் கற்பித்தன.

நோயுற்றவரைக் காணச் சென்றது தன்னைக் காண வந்ததே என்று இறுதித் தீர்ப்பு நாளில் இறைமகன் கூறுவதாக மத்தேயு நற்செய்தி சொல்கிறது. அங்கே, நோயாளியைக் குணமாக்கினாய் என்று அவர் பாராட்டவில்லை. வந்தாய் என்று மட்டுமே சொல்கிறார். குணமாக்குதல் எல்லாராலும் இயலாது. வருதல் எல்லாராலும் இயலும். கெத்சமனித் தோட்டத்திலும் இயேசு சீடரிடம் வேண்டியது, தம்மோடு விழித்திருக்க வேண்டும் என்பதே. அவர்கள் உறங்கிவிட்டனர். நோயாளியின் அருகே இரவில் விழித்திருக்கும் ஒவ்வொருவரும் அன்று சீடர் செய்யத் தவறியதைச் செய்கின்றனர் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்று எச்சரிக்கைகள்

இவ்வளவும் கூறியபின் மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட்டால் இவ்வுரை தீங்கு செய்யக்கூடும்.

முதலாவது, துன்பத்தில் பொருள் உண்டு என்பது துன்பம் நல்லது என்பதாகாது. நற்செய்தியில் இயேசு நோயாளி ஒருவரையும் நோயோடு இரு என்று அனுப்பியதில்லை. மதுரையில் 1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் பள்ளிகளோடு மருத்துவமனைகளையும் அமைத்தது. மானாமதுரைத் தயாபுரத்தில் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனை எழுந்தது. சிலுவையைப் போற்றியவர்களே வலிக்கு மருந்து தேடினர். வலி நீக்கும் மருந்தை மறுத்து, இதையும் ஒப்புக்கொடு என்று நோயாளிக்கு உபதேசிப்பது பக்தியன்று. தன் வலியை ஒப்புக்கொடுக்கும் உரிமை வலியை உடையவர்க்கே உண்டு. அருகில் நிற்பவர்க்கு இல்லை.

இரண்டாவது, குணமடைந்தோரின் சாட்சி குணமடையாதோரைக் குத்தும் முள்ளாகிவிடக் கூடாது. மதுரைக்கருகே இடைக்காட்டூரில் 1894இல் எழுந்த திரு இருதய ஆலயத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். பிரான்சு நாட்டுப் பெண் ஒருவர் நோய் நீங்கியதற்கு நன்றியாகத் தந்த பொருளால் அது எழுந்தது என்று அங்கே வழங்குகின்றனர். நன்றி ஆலயமாவது அழகியதே. ஆனால் அந்த ஆலயத்தின் வாயிலில் வாடகைக் காரிலிருந்து தாங்கி இறக்கப்பட்டு, செபித்து, அதே நோயோடு வீடு திரும்புவோரும் இருக்கின்றனர். அவர்களின் நம்பிக்கை குறைந்ததன்று. கேட்டது கிடைக்காமலும் மறுபடி வருகிறார்களே, அவர்களின் நம்பிக்கையை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை. 1984 பிப்ரவரி 11இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனிதத் துன்பத்தின் பொருளைப் பற்றித் திருமடல் ஒன்று எழுதினார். 1993 முதல் அதே பிப்ரவரி 11 உலக நோயாளர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. குணமடைந்தோர் நாள் என்று அதற்குப் பெயரிடவில்லை என்பது நோக்கத்தக்கது.

மூன்றாவது எச்சரிக்கையை ஒரு பெண்ணாக நின்று சொல்கிறேன். நம் வீடுகளில் உழைச்செல்வான் என்பது இலக்கண வழக்கில் ஆண்பால். உலக வழக்கில் பெரும்பாலும் பெண்பால். மகளோ மருமகளோ மனைவியோ தன் வேலையையும் படிப்பையும் விட்டு அமர்வதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு மற்றவர்கள் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர். புகழ்ச்சியால் ஒருவர் தோளில் மட்டும் ஏற்றப்படும் சுமையைச் சிலுவை என்று சொல்லுவதற்கு நான் உடன்படேன். இயேசுவின் சிலுவையைத் தாங்கவே சீரேனே ஊர்ச் சீமோன் வேண்டியிருந்தது. முடக்குவாதக்காரனைத் தூக்கிவந்தவர் நால்வர். ஒருவரே தூக்கியிருந்தால் கட்டில் கூரைவரை சென்றிராது. ஆகவே பேணுதலின் ஆன்மிகம் பேசுகிறவர்கள், முதலில் ஓர் இரவு தாம் விழித்திருந்து, பேணுகிறவரை உறங்கச் செய்யட்டும்.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நிறைவாக, இங்கு அமர்ந்திருக்கும் கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் கவிதைகளில் நோய் பெரும்பாலும் உவமையாகவே வருகிறது. சாதியைப் புற்றுநோய் என்கிறோம். ஊழலைத் தொழுநோய் என்கிறோம். செயலற்ற அரசைப் பக்கவாதம் என்கிறோம். எழுதும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் அந்நோயோடு உண்மையாகவே வாழ்கிற ஒருவர் நம் கவிதையைப் படிக்கும்போது, தம் உடல் உலகத்துத் தீமைக்கெல்லாம் பெயராகிப்போனதைக் காண்கிறார். நோயை உவமையாக்கும்முன் ஒரு நோயாளியின் அருகில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வரலாம்.

எழுதப்படாத பொருள் அங்கே நிரம்பக் கிடக்கிறது. மருந்துச் சீட்டின் கிறுக்கெழுத்து, பெரியாசுபத்திரி வாயிலில் விடியுமுன் நீளும் வரிசை, துண்டு விரித்துத் தாழ்வாரத்தில் உறங்கும் உறவினர், நோயாளி தூங்கியபின் மெல்லச் சாத்தப்படும் கதவு ஆகியவை தமிழில் இன்னும் போதிய அளவு பாடப்படவில்லை. வீரமாமுனிவர் ஒரு தச்சரின் நோய்ப்படுக்கையைக் காப்பியத்தின் ஒரு படலமாக்கினார். முந்நூறு ஆண்டுக்குப்பின் வந்த நாம் அதை ஒரு கவிதையாகவாவது ஆக்கலாம்.

தவம் என்றால் தனக்கு உற்ற துன்பத்தைப் பொறுத்தலும் பிறவுயிர்க்குத் துன்பம் செய்யாமையுமே என்று வள்ளுவர் வரையறுத்தார். அவ்வரையறைப்படி நம் தெருக்களில் தவத்தோர் பலர் உள்ளனர். காவி உடுத்தவில்லை, காட்டுக்குப் போகவில்லை, கட்டிலிலும் கட்டிலருகிலும் இருக்கின்றனர். கிறித்தவ நம்பிக்கை அவர்களுக்குச் சொல்வதாக நான் புரிந்துகொண்டது இதுதான்: உங்களைக் கட்டியிருக்கும் பிணி தண்டனையன்று, அதனூடே நீங்கள் ஒருவரோடு ஒருவர் கட்டுண்டிருப்பது வீணுமன்று, இறுகிய மொட்டின் பிணி அவிழ்வதுபோல் அது அவிழும் நாள் உண்டு. அந்நாள் இவ்வுலகில் வருமோ, இதற்கப்பால் வருமோ என்பதை இறைவனிடம் விட்டுவிடலாம். அதுவரை அருகில் நிற்பது நம் பணி.